வண்டிக் கதவை மூடும் முன் ரசீது வேண்டும்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை மாதவரத்தில் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். ‘பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்’ என்று போர்டு மாட்டியிருக்கும் சின்னக் கடைகளில் எங்களுடையதும் ஒன்று. லோடுமேனாக வந்து, பேக்கிங் கற்று, சூப்பர்வைசராகி, பிறகு சொந்தமாக வண்டி வாங்கியவன். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு குடும்பத்தின் சாமானை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும் முன், ஏற்றுகிறவரின் பதிவெண்ணும் சாமான் பட்டியலும் முடிவான தொகையும் உள்ள மின் சரக்கு ரசீது அந்தக் குடும்பத்தின் கைப்பேசிக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் யாரும் அதில் கை வைக்க முடியாதபடி அது இருக்க வேண்டும். இதைத் தமிழ்நாடு முதலில் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு நாடாளுமன்றம் 2007-ல் நிறைவேற்றிய சாலைவழிச் சரக்கேற்றிச் செல்லும் சட்டம், 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் ஊராருக்குச் சரக்கு ஏற்றும் தொழில் செய்யக் கூடாது என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. லாரி வைத்திருப்பவரை மட்டும் சொல்லிவிட்டு அது நிற்கவில்லை. புக்கிங் கம்பெனி, கான்டிராக்டர், ஏஜென்ட், புரோக்கர், எல்லாரையும் உள்ளே இழுத்துவிட்டது. சரக்கை ஒப்புக்கொண்டால் ரசீது கொடுத்தாக வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. பதிவு கொடுப்பது, நிறுத்திவைப்பது, ரத்து செய்வது எல்லாம் மாநில, வட்டாரப் போக்குவரத்து ஆணையங்களின் வேலை. அதாவது உங்கள் துறையின் வேலை.

எங்களிடம் வீடு மாற்ற வருகிறவர்களில் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. “கம்பெனி ரிஜிஸ்டர் ஆனதா?” என்று கேட்பார்கள். எங்கள் தொழிலில் பலர் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டுவார்கள், உத்யம் சான்றைக் காட்டுவார்கள், ஏதாவது ஐ.எஸ்.ஓ. முத்திரையைக் காட்டுவார்கள். கேட்டவரும் திருப்தியோடு போய்விடுவார். வரி கட்டுவதற்கும் சிறுதொழில் சலுகை வாங்குவதற்கும் எடுத்த எண்கள் அவை. அடுத்தவர் சாமானுக்குப் பொறுப்பேற்க அரசிடம் பதிந்துகொண்டதற்கு அவை சாட்சி ஆகாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கும், அதே ஆண்டு ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் ஈ-வே பில் வந்தது, அதாவது சரக்கு கிளம்பும் முன் அரசின் இணையதளத்தில் போட வேண்டிய மின் சீட்டு. ஒரு பெட்டி பிளாஸ்டிக் குடம் கோயம்புத்தூருக்குப் போனாலும், மதிப்பு வரம்பைத் தாண்டினால் வண்டி எண், அனுப்புகிறவர், வாங்குகிறவர், தொகை எல்லாம் அரசின் கணினியில் ஏறிவிடும். ஆனால் புழங்கிய வீட்டுச் சாமானுக்கும் சொந்த உபயோகப் பொருட்களுக்கும் ஜி.எஸ்.டி. விதி 138-ன் இணைப்புப் பட்டியலில் விலக்கு உண்டு. வரிக் கணக்கில் இது நியாயமான விலக்கு. அம்மாவின் பழைய பீரோவுக்கு யாரும் வரி கேட்கக் கூடாது. அதனால் விளைந்தது என்ன? கடைச் சரக்குக்கு நெடுஞ்சாலை முழுக்கத் தடம் இருக்கிறது. ஒரு குடும்பம் பாடுபட்டுச் சேர்த்த மொத்தமும் ஏறிய வண்டிக்கு ஒரு தடமும் இல்லை. வழியில் செக்கிங் வந்தால் டிரைவர் ஒரு தாளை நீட்டுவார். ‘புழங்கிய வீட்டுச் சாமான், விற்பனைக்கல்ல’ என்று ஒரு உறுதிமொழி, கீழே கையெழுத்து. அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

அந்த மாதிரி ஒரு தாள் போன மே மாதம் என் மேசைக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொண்டுவந்தார். மகன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறான். வேறொருவரிடம் புக் செய்து சாமானை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வண்டி ஓசூருக்கு இந்தப் பக்கம் எங்கேயோ நிற்கிறது, பேசிய தொகைக்கு மேல் ஏறக்குறைய அதே அளவு பணம் கேட்கிறார்கள், “இந்தத் தாளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா தம்பி” என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில். விலாசம் வேறொரு மாநிலத்து ஊர், தெருப்பெயர் கிடையாது. பொருள் விவரம் என்ற கட்டத்தில் ‘வீட்டுச் சாமான் – ஒன் லாட்’. எடை, ‘அப்ராக்ஸ்’. மதிப்புக் கட்டம் காலி. வாடகைக் கட்டத்தில் ‘பேசியபடி’. வண்டி எண்ணில் கடைசி நாலு இலக்கம் மட்டும். குறுக்கே சிவப்பு ரப்பர் ஸ்டாம்பில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது என்ன ஆனாலும் சாமான்காரரே பொறுப்பு. சட்டப்படிப் பார்த்தால், ரசீதிலேயே ஏற்றுகிறவர் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு உறுதிமொழி தர வேண்டும். இங்கே அந்த உறுதிமொழி இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டாம்பு குத்தியிருந்தது.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். எவ்வளவு பேசினீர்கள் என்று அங்கே கேட்டார்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. என்னென்ன ஏற்றினீர்கள் என்று கேட்டார்கள். ‘ஒன் லாட்’. கடைசியில் கேட்டதைக் கொடுத்துத்தான் சாமானை இறக்கினார்கள். வாஷிங் மெஷினும் இரண்டு பெட்டியும் வரவில்லை. அதற்கும் ஆதாரம் இல்லை.

இதை ஏதோ ஒரு கயவன் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிலின் அமைப்பே இப்படி ஆகிவிட்டது. இணையத்தில் ஒருவர் தன் எண்ணைக் கொடுத்து விசாரித்தால், அந்த ஒரு விசாரணை பல பேருக்கு விற்கப்படுகிறது. கொஞ்ச நேரத்தில் போன் விடாமல் அடிக்கும். வீட்டை வந்து பார்த்து, கட்டில் பீரோ எல்லாம் எண்ணி விலை சொல்கிறவர் 24 ஆயிரம் என்பார். போனிலேயே ஒருவர் 13 ஆயிரம் என்பார். 13 ஆயிரத்துக்கு டீசலும் ஆளும் கட்டுபடியாகாது என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். சாமான் வண்டிக்குள் போன பிறகு மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. சாமான் கூட இருந்தது, 14 அடி வண்டி பத்தவில்லை, 17 அடி போட்டோம் என்பார்கள். பார்ட் லோடு, அதாவது பல பேர் சாமானைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றுவது என்பதால் காத்திருந்தோம் என்பார்கள். நேர்மையாக விலை சொன்னவன் ஆர்டரை இழக்கிறான். தொடர்ந்து இழந்தால் அவனும் ஒருநாள் 13 ஆயிரம் சொல்லப் பழகிக்கொள்வான். இந்தப் பயம்தான் என்னை எழுத வைத்தது.

இதே தொல்லையை அமெரிக்கா நெடுங்காலம் பார்த்திருக்கிறது. அவர்கள் எடுத்த வழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1994-ல் அங்கே ஒரு சட்டம் போட்டு, லாரி வாடகையிலும் சேவையிலும் மாநில அரசுகள் தலையிடுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுச் சாமானுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். தொழிற்சாலை முதலாளி பேரம் பேசத் தெரிந்தவர், எப்போதோ ஒருமுறை வீடு மாற்றுகிற குடும்பத்துக்கு அது தெரியாது என்பதை அந்த விலக்கு ஒத்துக்கொள்கிறது. அதனால் மாநிலத்துக்குள் நடக்கும் வீட்டு மாற்றத்தை மாநிலங்கள் இன்றும் ஒழுங்குபடுத்துகின்றன. கலிஃபோர்னியாவில் 2018 ஜூலையில் இந்தப் பொறுப்பைப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடமிருந்து எடுத்து நுகர்வோர் நலத்துறையின் கீழ் உள்ள ஒரு அலுவலகத்திடம் கொடுத்தார்கள். அங்கே சாமானை ஏற்றும் முன், இதற்கு மேல் வாங்க மாட்டோம் என்று ஒரு உச்சத் தொகையை எழுத்தில் தர வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சாமானுக்கு மத்திய விதி. தோராய மதிப்பீடு கொடுத்த கம்பெனி, அதில் 110 சதவீதத்தை வாடிக்கையாளர் கட்டினால் சாமானை இறக்கியே ஆக வேண்டும். மீதி ஏதாவது இருந்தால் 30 நாள் கழித்துத்தான் கேட்கலாம். அங்கேயும் ஏமாற்று ஒழிந்துவிடவில்லை. ஆனால் சாமானைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பது அங்கே தனிக் குற்றம். நம் ஊரில் அது ‘இரண்டு பேருக்குள் பணத் தகராறு, சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறது. இதே அமெரிக்க மத்திய அரசு 2018 ஜூன் முதல் இந்தத் துறையின் காகிதங்களை மின் வடிவிலும் மின் கையெழுத்தோடும் வைத்துக்கொள்ளலாம் என்று விதியாகவே எழுதிவிட்டது.

நமக்கும் சட்டத் தடை கிடையாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் ஆவணத்துக்குக் காகிதத்துக்குள்ள மதிப்பைக் கொடுத்துவிட்டது. உயில், பவர் பத்திரம் போன்ற சிலவற்றைத்தான் அது ஒதுக்கிவைத்திருக்கிறது. சரக்கு ரசீது அந்த ஒதுக்கலில் இல்லை. ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் கைப்பேசியில் காட்டினால் போதும் என்று உங்கள் துறை ஏற்றுக்கொண்டு ஆண்டுகள் ஆகின்றன. வண்டியின் காகிதம் கைப்பேசியில் வந்துவிட்டது. வண்டிக்குள் இருக்கும் சாமானின் காகிதம் மட்டும் இன்னும் கார்பன் தாளில் இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும் என்று சொல்கிறேன், தொழில் தெரியாதவர்கள் வரைந்தால் இதில்தான் தவறு செய்வார்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும் சர்வே நாளில் தொகை முடிவாகிவிடும். அந்தத் தொகையும், வாடகை எவ்வளவு, பேக்கிங் எவ்வளவு, ஏற்றிறக்குக் கூலி எவ்வளவு, வரி எவ்வளவு என்ற பிரிப்பும் அன்றைக்கே வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். சாமான் பட்டியலை அன்றைக்கே முடிக்க முடியாது. சமையலறையைப் பிரித்துப் போடும்போதுதான் எத்தனை அட்டைப்பெட்டி என்று தெரியும். ஆகவே பட்டியல் பேக்கிங்கோடு சேர்ந்து வளர வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் எண் ஒட்டி, படம் எடுத்து. ஏற்றி முடித்துக் கதவை மூடும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு ஓ.டி.பி. போக வேண்டும், கேஸ் சிலிண்டர்காரரிடம் சொல்கிறோமே அதே மாதிரி. அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொன்ன பிறகுதான் ரசீது பிறக்க வேண்டும். இறக்குகிற இடத்திலும் அப்படியே, பெட்டி எண்ணிப் பார்த்த பிறகுதான் எண். நடுவில் சாமான் கூடினாலோ வண்டி மாறினாலோ புதிய தாளாகச் சேர வேண்டும், பழையது அழியக் கூடாது.

பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ கிடைக்கும் இழப்பீடு அதில்தான் தொங்குகிறது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி ஏற்றுகிறவரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை, அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். வாடகை 20 ஆயிரம் என்றால் 2 லட்சம் வரை கேட்கலாம். அதே வேலைக்கு வாடகை 4 ஆயிரம், பேக்கிங்கும் கூலியும் 16 ஆயிரம் என்று பில் போட்டால், பொறுப்பு 40 ஆயிரத்தோடு சரி என்று வாதாட ஒரு வழி திறந்துகொள்கிறது. கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பை ஏற்கச் சொல்லவும் சட்டத்தில் இடம் உண்டு. அனுப்புகிறவர் மதிப்பை எழுதித் தரும் குறிப்பு ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது, 8-ஆம் பிரிவு. வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்களில் அதைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறவர்கள் மிகச் சிலர். ஏதாவது நேர்ந்தால் புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்குப் போட முடியும். இது தெரியாமலேயே எத்தனையோ பேர் ‘அடுத்த வாரம் செட்டில் பண்றோம்’ என்ற பேச்சை நம்பிக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள். மின் ரசீதில் பத்து மடங்கு வரம்பு, 180 நாள் கெடு என்ற இந்த இரண்டு வரியும் தமிழில், வாசிக்கிற அளவு எழுத்தில் இருக்க வேண்டும். கஞ்சத்தனமாகக் கடைசிப் பக்கத்தில் போட்டால் பயனில்லை.

இன்சூரன்ஸ் என்ற பெயரில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கொட்டேஷனில் ‘டிரான்சிட் இன்சூரன்ஸ் 3 சதவீதம்’ என்று ஒரு வரி இருக்கும். 5 லட்சம் மதிப்பு என்றால் 15 ஆயிரம். பல இடங்களில் அந்தப் பணத்துக்குப் பாலிசியே எடுக்கப்படுவதில்லை. எஃப்.ஓ.வி. என்ற பெயரில் கம்பெனியே வைத்துக்கொள்ளும். எஃப்.ஓ.வி. வாங்குவது தவறென்று சொல்லவில்லை, அது நாங்களே பொறுப்பேற்பதற்கான கட்டணம். ஆனால் அதை இன்சூரன்ஸ் என்று சொல்லி விற்பது பொய். மின் ரசீதில் இன்சூரன்ஸ் என்று ஒரு கட்டம் இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இல்லாமல் அந்தக் கட்டம் நிரம்பக் கூடாது.

இந்த ரசீது வந்தால் கோபப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் மட்டும் இருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர்களிலும் இருப்பார்கள். மாற்றல் படி கிளெய்ம் செய்வதற்கு, நடந்த செலவைவிடப் பெரிதாக ‘ஒரு பில் போட்டுக் கொடுங்க’ என்று கேட்கிறவர்கள் உண்டு. ‘ஐ.பி.ஏ. பில் இருக்கா?’ என்பார்கள். லாரி ரசீதின் பேரில் வங்கிகள் பணம் கொடுப்பதற்காக இந்திய வங்கிகள் சங்கம் வைத்திருந்த பரிந்துரைப் பட்டியல் அது. இன்றைக்கு அது கிளெய்ம் பில்லுக்கு மதிப்புக் கூட்டும் முத்திரையாகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிப் பில் மட்டும் விற்கிறவர்களே இருக்கிறார்கள். வண்டி எண்ணும் ஏற்றிய நேரமும் இரண்டு முனையிலும் ஓ.டி.பி.யும் உள்ள ரசீதில் இந்த வியாபாரம் நடக்காது. அரசுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் மிஞ்சும் பணத்தை யோசித்தாலே இந்தத் திட்டத்தின் செலவு பெரிதாகத் தெரியாது.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான காரணத்துக்கு வருகிறேன். பட்டியல் இல்லாத வண்டியில் ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் லோடுமேன் மேல்தான் விழும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், நம் தென்மாவட்டத்துப் பையன்கள், எல்லாரும் இந்தத் தொழிலில் தினக்கூலிக்கு முதுகு கொடுக்கிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நசுங்கல் இருந்தால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அந்த நசுங்கல் வீட்டிலேயே இருந்ததா, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் ஆனதா, குடோனில் வேறு வண்டிக்கு மாற்றும்போது ஆனதா, யாருக்குத் தெரியும்? பார்ட் லோடில் ஒரே சாமானை இரண்டு மூன்று குழுக்கள் தொடுகின்றன. ஏற்றும் முன் எடுத்த படமும், ‘வலது பக்கம் ஏற்கெனவே கீறல்’ என்ற ஒரு வரியும் இருந்தால் ஒரு பையனின் கூலி தப்பும். லோடுமேனாக இருந்தபோது செய்யாத சேதத்துக்குக் கூலி இழந்து நின்றவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் நன்மை என்று பேசும்போது இவர்கள் கணக்கில் வருவதே இல்லை. இந்த ரசீதில் வேலை செய்த குழுவினரின் பெயரும் இருக்கட்டும். பெயர் இருந்தால் பொறுப்பு வரும் என்பது மட்டுமல்ல, விபத்து நடந்தால் அன்றைக்கு அந்த வண்டியில் வேலை செய்தார் என்பதற்கு அவர் குடும்பத்துக்கு ஒரு சாட்சியும் கிடைக்கும்.

கேரளப் பக்கம் போகும் சாமானுக்கு இறக்குக் கூலி ஒரு தனித் தலைவலியாக இருந்தது. வேலையே செய்யாமல் நோக்குக்கூலி கேட்பதை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது. இறக்குக் கூலி யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதியிருந்தால் அங்கே போய் வாசலில் நின்று சண்டை போட வேண்டியதில்லை.

சின்ன ஆட்கள் இதைத் தாங்குவார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். ஒரு குட்டி யானையை வைத்துக்கொண்டு அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குச் சாமான் கொண்டுபோகிறவரிடம் கம்ப்யூட்டர், பிரிண்டர், மாதச் சந்தா மென்பொருள் என்று கேட்டால் தொழில் பெரிய கம்பெனிகள் கைக்குப் போய்விடும். அது நடக்கவே கூடாது. அரசே ஒரு இலவசச் செயலியைத் தமிழில் கொடுக்க வேண்டும், இந்தியிலும் இருந்தால் லோடுமேன்களே பட்டியல் போடுவார்கள். எழுதத் தயங்குகிறவர் வாயால் சொல்லிப் பதியட்டும், படம் எடுத்துப் பதியட்டும். அடுக்குமாடி அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது, அதனால் சிக்னல் இல்லாமலும் சேமித்து, வெளியே வந்ததும் ஏற வேண்டும். பதிவுச் சான்றிதழ் விண்ணப்பத்தை ஈ-சேவை மையத்திலேயே முடிக்க முடிந்தால், புரோக்கர் வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகம் அலைவது குறையும். ஊருக்குள்ளேயே நடக்கும் சின்ன வீட்டு மாற்றத்துக்குத் தொகையும் வண்டி எண்ணும் மட்டுமுள்ள சுருக்கமான ரசீது போதும். ஊர் விட்டு ஊர் போவதில்தான் முழுப் பட்டியல் கட்டாயமாகட்டும்.

மின் ரசீதுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு, அவற்றையும் இப்போதே அடைக்க வேண்டும். வெறும் திரையில் விரலால் கையெழுத்து வாங்கிவிட்டு, மேலே நிபந்தனைகளைப் பிறகு ஒட்டுகிற வேலை காகிதத்தைவிட இதில் சுலபம். அதனால் ஓ.டி.பி. சொன்ன நொடியில் இரண்டு பேருக்கும் ஒரே பிரதி போய்விட வேண்டும், ஒரு பிரதி அரசின் சர்வரில் உறைந்து நிற்க வேண்டும். இணைப்பைத் தட்டினால் எங்கோ விரியும் ஆங்கில நிபந்தனைகள் செல்லாது என்று சொல்ல வேண்டும். ஸ்மார்ட் போன் இல்லாத பெரியவர்களுக்கு அச்சுப் பிரதி கேட்டால் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு வீட்டில் என்னென்ன இருக்கிறது, எந்த விலாசத்துக்குப் போகிறது என்ற பட்டியல் திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? வெளியாள் சரிபார்க்கும்போது ரசீது உண்மையானது, ஏற்றுகிறவர் பதிவானவர் என்ற இரண்டு பதில்தான் வர வேண்டும். பட்டியலை வாடிக்கையாளரும் ஏற்றுகிறவரும் விசாரணை அதிகாரியும் தவிர யாரும் பார்க்கக் கூடாது. உரிமை கோரும் காலம் முடிந்ததும் அழிந்துவிட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்துவிட்டது, அதை நினைவில் வைத்துத்தான் செயலியை வரைய வேண்டும்.

விதி வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பது தெரியும். மின் ரசீதை நாடு முழுக்கக் கட்டாயமாக்க வேண்டுமானால் தமிழ்நாடு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும், அது நடக்கக் காலம் ஆகும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் பதிவான சரக்கேற்றுநர்களின் பெயரை, கைப்பேசியில் தட்டினால் வருகிற மாதிரி தமிழில் போடுங்கள். மாதிரி மின் ரசீது ஒன்றை வெளியிட்டு, பதிவானவர்கள் விரும்பினால் அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்வார்கள், அதுவே எங்களுக்கு விளம்பரம். வீட்டுச் சாமான் வண்டியை நிறுத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர்கள், ‘விற்பனைக்கல்ல’ என்ற தாளோடு விட்டுவிடாமல், சட்டப்படியான சரக்கு ரசீதையும் பதிவெண்ணையும் கேட்கட்டும். சுங்கச்சாவடியில் நாலு நாள் கேட்டாலே செய்தி மாதவரம் முழுக்கப் பரவிவிடும். சாமானைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்கும் புகார் வந்தால் காவல் நிலையத்திலிருந்து உங்கள் துறைக்குத் தகவல் வரவும், அந்தப் பதிவு நிறுத்திவைக்கப்படவும் ஒரு நடைமுறை வேண்டும். இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசினால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம் இது.

பள்ளி ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்கள்தான் எங்கள் சீசன். மாற்றல் உத்தரவும் அப்போதுதான் வரும், ஏமாற்றும் அப்போதுதான் அதிகம். அடுத்த சீசனுக்குள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மட்டுமாவது சோதனையாகத் தொடங்க முடியுமா என்று பாருங்கள். செயலியை வரைகிறவர்கள் கேட்டால் எங்கள் பழைய ரசீதுப் புத்தகங்களையும் பேக்கிங் பட்டியல்களையும் வாடிக்கையாளர் விவரத்தை மறைத்துவிட்டுத் தருகிறேன். ஒரு நாள் எங்கள் வண்டியிலேயே வந்து, ஒரு வீடு முழுதாகப் பிரிந்து ஏறுவதை அவர்கள் பார்க்கட்டும். கலந்தாய்வுக் கூட்டம் போட்டால் சங்கத் தலைவர்களோடு இரண்டு லோடுமேன்களையும் ஒரு பேக்கிங் சூப்பர்வைசரையும் அழையுங்கள், அவர்களுக்கு அன்றைய கூலியையும் கொடுத்து.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,

வீடு மாற்றும் தொழில் செய்யும் ஒருவன்,
மாதவரம், சென்னை.